ஏழாம் மாடி அன்ரி புகழ்ந்த பிள்ளை

ஏழாம் மாடி அன்ரிக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி, எது உசத்தி எது மட்டம் என்று தீர்ப்புச் சொன்னால்தான் அவருக்கு அன்றைய சோறு செமிக்கும். கனடாவில், மல்வேர்னில் நாங்கள் இருந்த கட்டடத்தில் இரண்டு லிப்ட் இருந்தன. இடது பக்கத்து லிப்ட் குணமானது, வலது பக்கத்து லிப்ட் உருப்படாதது என்பது அவருடைய முடிவு. வலது லிப்டில் ஏற நேர்ந்தால், இடது லிப்டின் அருமை பெருமைகளை அதற்குக் கேட்கும்படியாகச் சொல்லிக்கொண்டே வருவார். மார்கழியில் பனி கொட்டினால் போன வருசத்துப் பனி எவ்வளவு மரியாதையாகப் பெய்தது என்பார். அஜின்கோர்ட் கடையில் முருங்கைக்காயைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் இருக்கிற காய் எப்படி இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பிப்பார். கடைக்காரரிடம் அல்ல, முருங்கைக்காயிடம்.

அவருக்கு ஒரேயொரு மகன். அந்த அண்ணை வடமேற்கே தூரத்து எட்மன்டனுக்குப் போனதற்கு அங்கே சம்பளம் கூட என்பதுதான் காரணம் என்று அன்ரி சொல்வார். எங்கள் அம்மாவின் கருத்து வேறு. பிறந்த நாளிலிருந்து ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோரோடும் ஒருவனை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அவன் எட்மன்டனில் நின்றதே பெரிய காரியம், வடதுருவத்துக்கல்லவா போயிருக்க வேண்டும் என்பார் அம்மா.

மகன் போனபின் அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கு நான் நியமிக்கப்பட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்கு இரண்டு வேலை, அம்மாவுக்குப் பின்னேர ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நான் அன்ரி வீட்டில்தான். சோறும் கறியும் வயிறு நிறையக் கிடைக்கும். கூடவே ஒரு உதாரணப் பிள்ளையும் பரிமாறப்படும். கணக்கில் நூறு எடுத்த பிள்ளை, அம்மாவின் காலைப் பிடித்துவிடுகிற பிள்ளை, ரீவி பார்க்கவே பிடிக்காது என்று சொன்ன ஒரு பிள்ளை. அந்தக் கடைசிப் பிள்ளை இருந்திருக்கவே முடியாது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

இவர்கள் எல்லோரையும் ஒரே மாதத்தில் பதவியிறக்கியவள் துளசி. அது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. ஒன்பதாம் மாடியில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி இருந்தார்கள். ஊரில் ஷெல் விழுந்து தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த தூரத்து உறவுப் பிள்ளையொன்றை முறைப்படி தத்தெடுத்து, கொழும்பு வழியாகக் கூட்டிவந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை. கட்டடமே அந்தத் தம்பதியைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆரோ பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுகிற மனம் எத்தனை பேருக்கு வரும் என்று லிப்டிலும் லோண்டரி அறையிலும் சனம் பேசிக்கொண்டது. அந்த மனுசி மெதுவாகப் பேசுவார், நல்ல தேத்தண்ணி தருவார், கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பார். மனுசன் வேலைக்குப் போவார், வந்து படுப்பார். அவரிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டுவிட்டால், தொலைந்துபோன கதவுத் திறப்பைத் தேடுவதுபோல மனைவியின் முகத்தைத் தேடுவார்.

துளசியை அன்ரி முதலில் பார்த்தது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில். கேக்கைச் சுற்றி நாங்கள் எல்லோரும் அடிபட்டுக்கொண்டு நின்றபோது அவள் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒருவர் றோல்ஸ் ஒன்றைக் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மென்றாளோ விழுங்கினாளோ தெரியாது, கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டாள். பிறகு வெறும் காகிதத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து, இதை எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். அன்ரி கரைந்துபோனார்.

"பாத்தியே, பிள்ளை வளர்ப்பெண்டால் உதுதான் பிள்ளை வளர்ப்பு" என்றார் என்னிடம். என் சட்டையில் அப்போது கேக் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு விடிவு இல்லை. தண்ணீர் குடிப்பதற்குக்கூட துளசி அனுமதி கேட்பாளாம். நானோ பிறிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்று யோசிக்கிறவள். ஆடி மாத வெயிலில் நாங்கள் கையில்லாத சட்டையோடு திரிய, அவள் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு வருவாள். நம்முடைய பண்பாடு அந்தப் பிள்ளையிடம்தான் மிஞ்சியிருக்கிறது என்று அன்ரி சொன்னார். ஒரு நாள் கார் நிறுத்துமிடத்து ஐஸில் துளசி வழுக்கி விழுந்தாள். விழுந்த சத்தம் எனக்கே வலித்தது. அவள் அழவில்லை. துள்ளி எழுந்து, பக்கத்தில் நின்ற என்னிடமும் அன்ரியிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள். அன்ரி அன்று முழுக்க அதையே சொன்னார். நான் நகம் வெட்டும்போதே ஊரைக் கூட்டுகிறவளாம்.

இன்னொரு நாள் எங்கள் வீட்டில் அப்பா அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் ரின்னை எடுக்கக் கையை உயர்த்தினார். துளசி சட்டென்று தலையைத் தாழ்த்தித் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"பெரியாக்களுக்கு முன்னால எப்பிடிக் குனியிறாள் எண்டு பார்" என்றார் அன்ரி.

அப்பாவும் ஓம் என்று தலையாட்டினார். அம்மா, எங்களுடையதும் இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டார். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. எங்கள் நாலு பேரின் கண்ணுக்கும் முன்னால்தான் அது நடந்தது. நாலு பேரும் பார்த்தோம்.

சனிக்கிழமை என்றால் அன்ரி குளித்து, பொட்டு வைத்து, ஒன்பதாம் மாடிக்குப் போவார். அங்கே துளசியின் தாயை இருத்திவைத்து, பிள்ளையைப் பற்றிப் புகழ்ந்து தள்ளுவார். என்ன வளர்ப்பு, என்ன அடக்கம், உங்களைப்போல ஒரு தாய் உண்டா என்று தேத்தண்ணி ஆறும்வரை பேசிவிட்டு, இறங்கி வந்து மிச்சத்தை எனக்குச் சொல்வார். அந்த வீட்டில் தான் கண்டதையெல்லாம் அவர் சேர்த்து வைத்துக்கொண்டார். எனக்கு எதிராகப் பாவிப்பதற்குத்தான்.

அந்த வருசம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வந்தது. அம்மாவுக்கு ஷிப்ட். அப்பாவுக்கு இரண்டாவது வேலை. அன்ரி காஞ்சிபுரம் கட்டி, அதற்கு மேல் மகனுடைய பழைய குளிர்க்கோட்டையும் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். துளசியும் அதே பள்ளிக்கூடம்தான், கீழ் வகுப்பு. என் ரீச்சர் கண்ணாடி போட்ட, அமைதியான மனுசி. அன்ரிக்கு ஆங்கிலம் தெரியாது. ரீச்சருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கள்ளனும் கேட்டிருக்க மாட்டான்.

வகுப்பில் நான் ஓயாமல் கதைக்கிறேன், வீட்டுப்பாடம் பாதி வருவதில்லை, பக்கத்துப் பிள்ளையையும் படிக்க விடுவதில்லை என்று ரீச்சர் நீளமாகச் சொன்னார். நான் அன்ரியிடம் திரும்பி, கெட்டிக்காரப் பிள்ளையாம், எல்லோரோடும் நல்ல சேர்த்தியாம் என்றேன்.

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உந்த மனிசி இவ்வளவு நேரம் கதைச்சுது. நீ ரெண்டு வசனம் சொல்லுறாய். மிச்சத்தை எங்கை வைச்சிருக்கிறாய்?"

பிடிபட்டுவிட்டேன். என்னை ரீச்சருக்கு முன்னாலேயே தலைகுனிய வைப்பது என்று அன்ரி தீர்மானித்தார். ஒன்பதாம் மாடிப் பிள்ளையைப் பற்றித் தான் சொல்வதை அப்படியே அந்த மனுசிக்குச் சொல்ல வேண்டும், ஒரு சொல் குறைந்தாலும் அம்மாவிடம் வரும் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். துளசி கேட்காமல் தண்ணீரும் குடிக்க மாட்டாள். ரீச்சர் சிரித்தபடி கேட்டார். எவ்வளவு வெக்கையிலும் கையை மூடித்தான் உடுப்பாள். ரீச்சர் சிரிப்பை நிறுத்தினார். விழுந்தாலும் அழ மாட்டாள், மன்னிப்புத்தான் கேட்பாள். ரீச்சர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

அன்ரிக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய ஒப்பீடுகளை இவ்வளவு கவனமாக ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் ஓடுகிறவர்கள். இந்த வெள்ளைக்கார மனுசி ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டி, மெதுவாக, இன்னும் சொல்லுங்கள் என்கிறார். அன்ரி அள்ளிக் கொட்டினார். கட்டில் வேண்டாம் என்று துளசி குசினிக்குள் அடுப்படி நிலத்தில்தான் படுப்பாள், அவ்வளவு எளிமை. தாய் எழும்புவதற்கு முன் எழும்பிப் பாத்திரமெல்லாம் கழுவி வைப்பாள்.

அன்ரியின் வாயிலிருந்து பாராட்டாகப் புறப்பட்டது, என் வாயிலிருந்து ஆங்கிலத்தில் வெளியே வந்தபோது வேறொன்றாக இருந்தது. அதுவரை இந்தக் கதைகளை நான் கோபத்தோடு கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் என் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. போன சனிக்கிழமை தான் போயிருந்த நேரம் முழுக்க, அந்தச் சின்ன ஸ்ரோர் அறைக்குள் இருந்து சத்தம் போடாமல் படித்தாள் என்று அன்ரி சொன்னார். அதையும் சொன்னேன்.

கதவு மூடியிருந்ததா என்று ரீச்சர் கேட்டார். ஓம் என்றார் அன்ரி. ஆர் மூடியது என்று கேட்டார்.

"தாய்தான். வெளியால கொளுக்கி போட்டிருந்தது. கவனம் குலையாமல் இருக்கப் பூட்டிவிடச் சொல்லி அவளே கேட்டவளாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அன்ரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் அதை மொழிபெயர்த்து முடித்தேன். ரீச்சர் அந்தக் கேள்வியை இன்னொரு முறை, இன்னும் மெதுவாகக் கேட்டார். நான் அதே பதிலை இன்னொரு முறை சொன்னேன். பிறகு அவர் எழுந்து, அன்ரியின் கையைப் பிடித்து, வந்ததற்கு நன்றி சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அன்ரி, அந்த மனுசிக்குப் பிள்ளைகளின் அருமை தெரியும் என்றார். என்னைக்கூட ஒருவரோடும் ஒப்பிடவில்லை.

அடுத்த நாள் துளசி பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கிற அரசாங்க ஆட்கள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். பொலிஸ் ஒன்பதாம் மாடிக்குப் போனது. இரண்டு நாள் கழித்து சோசல் வேர்க்கர் ஒரு பெண், தமிழ் தெரிந்த ஒருவரோடு அன்ரியிடம் வந்தார். தான் அந்தப் பிள்ளையைப் பற்றி நல்லதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லையே என்று அன்ரி பதறினார். அந்த நீளக்கைச் சட்டைகளுக்குள் என்ன இருந்தது என்பதை அந்தப் பெண் இரண்டு வசனத்தில் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. அன்ரி கேட்டபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே சோபா இருந்தது.

கட்டடம் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல ஆசைதான். பிரியவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். வெள்ளைக்காரனுக்குப் பிள்ளை வளர்ப்பு விளங்காது, ஊர்ப் பிள்ளைக்கு உயிர் கொடுத்த சனத்தைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்கள் என்று பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சங்கத்து அங்கிள் ஒருவர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அன்ரி வீட்டுக்கு வந்தார். அந்த அங்கிளைத்தான் அன்ரி தன் மகனுக்கு உதாரணமாகச் சொல்லி வளர்த்தவர். நான் குசினிக்குள் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றேன்.

அங்கிள் நல்ல தன்மையாகத்தான் பேசினார். "நீங்கள் புகழ்ந்தனீங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். உங்களோட வந்த பெடிச்சி இங்கிலீசில பிழையாச் சொல்லிப்போட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளை வீட்டை வந்திடும், உங்களிலயும் பழியில்லை."

அன்ரிக்கு அதைவிட இலேசான வழி கிடையாது. அவர் புகழத்தான் செய்தார் என்கிற அளவில் பாதி உண்மையும்கூட. நானோ ஏற்கெனவே பொய்யாக மொழிபெயர்த்துப் பிடிபட்டவள்.

"பெட்டை சரியாத்தான் சொன்னவள்" என்றார் அன்ரி. "ஒரு சொல்லும் கூட்டேல்லை, குறைக்கேல்லை. சொன்னது நான். தெரிஞ்சுதான் சொன்னனான்."

தெரிந்துதான் சொன்னேன் என்பது பொய் என்று அந்த வீட்டில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு குடும்பத்தைக் குலைத்த பாவம் உங்களைச் சும்மா விடாது என்றார் அங்கிள், எழும்பியபடி.

"உங்களைவிட எங்கட வலது பக்கத்து லிப்ட் நல்லம், தம்பி. அது தன்னில பிழையெண்டால் இடையில நிண்டாவது காட்டும்" என்றார் அன்ரி.

அன்றோடு அவர்மேல் ஒரு தடை விழுந்தது. கலியாணவீடுகளுக்கு அழைப்புச் சொல்ல ஒருவரும் வரவில்லை. கோயிலில் அவர் இருந்தால் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. ஒப்பிடுவதற்கு ஆள் கிடைக்காமல் மனுசி வாடிப்போனார். ஆனால் சோசல் வேர்க்கர் கூப்பிட்ட நேரமெல்லாம் போய், கொளுக்கி வெளியாலதான் போட்டிருந்தது என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். துளசி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒன்பதாம் மாடித் தம்பதியும் கொஞ்ச நாளில் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த கோடையில் துளசி அன்ரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். அப்போது அவள் பிக்கரிங்கில், பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து வளர்க்கிற ஒரு ஜமெய்க்கா மனுசியின் வீட்டில் இருந்தாள். மல்வேர்னில் ஒரு டோனட் கடையில் சந்திப்பு. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார் அன்ரி. இந்த முறை ஒரு எச்சரிக்கையும் தரவில்லை.

வந்தவளைப் பார்த்தால் அதே பிள்ளை என்று சத்தியம் பண்ண முடியாது. கதிரை கடினம் என்றாள். சொக்லட் பானம் சரியான சூடு என்றாள், ஆறியபின் ஆறிவிட்டது என்றாள். டோனட்டில் ஒரு கடி கடித்து, இது வேண்டாம் மற்றது வேண்டும் என்று தள்ளிவைத்தாள். ஜமெய்க்கா மனுசி சிரித்துக்கொண்டு, ஒரு மாதமாக இப்படித்தான், வீட்டில் ஒரு மகாராணி இருக்கிறாள் என்றார். அன்ரி அந்தக் கடித்த டோனட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாய் இவளுக்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

கொஞ்ச நேரம் போனபின் துளசி, "உங்களுக்கு எப்ப தெரியும், அன்ரி?" என்று கேட்டாள்.

சங்கத்து அங்கிளுக்குச் சொன்ன பொய்யை இங்கேயும் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார் அன்ரி. "கடைசிவரைக்கும் தெரியாது. நான் உன்னைப் புகழத்தான் போனனான். மூளை கெட்டவள், எல்லாத்தையும் பாத்தன், ஒண்டும் விளங்கேல்லை."

"ஐ நோ" என்றாள் துளசி. சர்வசாதாரணமாகச் சொன்னாள். "ஆனா நீங்கள் வந்து அவவுக்கு முன்னால என்னை நல்ல பிள்ளை எண்டு சொன்னால், அவ ஹாப்பி ஆயிடுவா. நீங்கள் போனாப் பிறகு கதவைத் திறந்து விட்டிடுவா. அண்டைக்கு அடிக்க மாட்டா. ஐ யூஸ்ட் டு வெயிட் ஃபோர் யூ."

என்ன சொல்கிறாள் என்று ஜமெய்க்கா மனுசி என்னைப் பார்த்தார். நான் அந்தக் கடைசி வசனத்தை முதலில் அன்ரிக்குச் சொன்னேன், உங்களுக்காகக் காத்திருப்பாளாம் என்று.

அன்ரி மேசையில் கிடந்த டோனட் துகள்களை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் சனிக்கிழமையில மட்டும்தானே வந்தனான்" என்றார் கடைசியில்.

துளசி தலையாட்டினாள்.

"சனம் அலட்டல்காரி எண்டு சொல்லுது எண்டு மற்ற நாளில வராமல் அடக்கிக்கொண்டு இருந்திட்டன், மோனை. நீ எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறாய் எண்டு தெரிஞ்சிருந்தால் ஒவ்வொரு நாளும் வந்து கதைச்சிருப்பனே. எனக்கு வேறை என்ன வேலை?"